கிரைண்டருக்குத் தேய்மானம் உண்டு... நுரையீரலுக்கு?

மாமல்லபுரத்தில் ஒரு காலத்தில் உளிச் சத்தம்தான் வரவேற்கும் என்பார்கள். இப்போது வரவேற்பது கிரைண்டர் சத்தம். அதைக் கேட்டதுமே "மெஷின் வந்துச்சு, கலை போச்சு" என்று பெருமூச்சு விடுபவர்கள் பலர்.

இந்தப் பெருமூச்சில் அர்த்தமில்லை. கிரானைட் எவ்வளவு கடினமான கல் என்பது அதைக் கையால் செதுக்கியவருக்குத்தான் தெரியும். வேண்டாத கல்லை நீக்கவே நாள்கணக்கில் உளி பிடிப்பது கலை அல்ல, வெறும் உழைப்பு. இன்று சிற்பி வைரத்தூள் பதித்த பிளேடால் வரிசையாகக் கோடு இழுக்கிறார். நடுவே நிற்கும் மெல்லிய பத்தைகளை உளியால் தட்டி உடைக்கிறார். கண், உதடு, விரல் என்று வரும்போது மறுபடியும் உளிதான். அளவு தெரியாதவன் கையில் எந்த மெஷினைக் கொடுத்தாலும் கல் கல்லாகத்தான் இருக்கும்! 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் கைகளால்தான்.

ஆகவே கேள்வி, மெஷின் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்த மெஷின், எப்படி?

நுணுக்கமான வேலைக்கு 4 இஞ்ச் கிரைண்டர் போதும். பெரியது சீக்கிரம் வெட்டும், ஆனால் பிளேடு சிக்கினால் கையையே திருப்பிவிடும். சின்ன கிரைண்டரே நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம் அதைவிடக் குறைவாக இருந்தால் அதை மாட்டவே கூடாது. வேலைக்கு இடைஞ்சல் என்று காப்புத் தகட்டைக் கழற்றுவது அதைவிட மோசம்.

ஆனால் பெரிய எதிரி பிளேடு அல்ல, தூசி. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. உளி சில்லாக உடைக்கும் கல்லை கிரைண்டர் மாவாக்கிவிடுகிறது. அதில் கண்ணுக்கே தெரியாத துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இந்தத் தூசி புற்றுநோயும் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அறிவித்துவிட்டது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்குத் தடுப்பே அல்ல. தண்ணீர் விட்டு வெட்டும் மெஷின், கூடவே கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர். இல்லையென்றால் தூசியை அங்கேயே உறிஞ்சும் கருவி. இவற்றோடு முகத்தில் ஒட்டி நிற்கும் சரியான மாஸ்க்.

இதற்கெல்லாம் பணம் யார் தருவது? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. சிலையின் விலையில் கல் இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, பிளேடு இருக்கிறது, மெஷினின் தேய்மானம்கூட இருக்கிறது. மனிதனின் தேய்மானம் மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை. ராஜஸ்தான் 2019-ல் சிலிகோசிஸ் நோயாளிகளின் நிவாரணத்துக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் நோய் வந்த பிறகு தரும் நிவாரணத்தைவிட, வராமல் தடுக்கும் மெஷினுக்கு மானியம் தருவது புத்திசாலித்தனம்.

அரசு செய்யட்டும். வாங்குபவரும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஒரு பிள்ளையார் சிலைக்கு இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லும்முன், அந்த இருநூறு எதிலிருந்து குறையும் என்று கொஞ்சம் யோசிக்கலாமே!