நாலு பேர்

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" இந்தக் கேள்விக்குப் பயந்தே வளர்ந்தவன் என் நண்பன். ஆரம்பப் பள்ளியில் மேடையேறிப் பேசும்போது ஒருமுறை தடுமாறிவிட்டான். மண்டபமே சிரித்தது. இன்று நல்ல வேலையில் இருக்கிறான். ஆனாலும் அலுவலகக் கூட்டத்தில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், பக்கத்தில் இருப்பவரிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துத்தான் கேட்பான்.

அப்படிப்பட்டவனுக்கு வானொலி மீது ஆசை. பாட்டுக் கேட்கும் வானொலி அல்ல. நாமே பேசும் அமெச்சூர் வானொலி. கருவியை வாங்கியவுடன் பேசிவிட முடியாது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி, நமக்கென ஓர் அழைப்புக் குறி பெற வேண்டும். தேறினான். '9டபிள்யூ2' என்று தொடங்கும் குறியும் வந்தது. காற்றலையில் எழுத்துகள் குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. 'டபிள்யூ'வுக்கு 'விஸ்கி'. அறைக்குள் "நைன் விஸ்கி டூ" என்று அவன் ஒத்திகை பார்த்ததைக் கேட்டு, "காலையிலேயே ஒன்பது விஸ்கியாடா?" என்று அவன் அம்மா கதவைத் தட்டினார்.

ஒத்திகையோடு சரி. எட்டு மாதம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். பேசும் பொத்தானை அழுத்தவே இல்லை.

"வா, மலைக்குப் போவோம்" என்று நான்தான் இழுத்தேன். சிகரங்களிலிருந்து வானொலியில் பேசுவதற்கென்றே 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்றொரு திட்டம் 2002இல் பிரிட்டனில் தொடங்கி, உலகின் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. கருவி, பேட்டரி, ஆண்டெனா எல்லாவற்றையும் நாமே சுமந்து ஏற வேண்டும். இடையில் தரையிலுள்ள எந்த மறு ஒலிபரப்பு நிலையமும் உதவக்கூடாது. உச்சியிலிருந்து குறைந்தது நாலு பேருடன் பேசினால்தான் புள்ளி. நாங்கள் புள்ளிக்காகப் போகவில்லை. அந்த 'நாலு பேர்' கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ரெம்பாவிலுள்ள குனோங் டத்தோவைத் தேர்ந்தெடுத்தோம். ஏறக்குறைய 880 மீட்டர்தான். பெரிய மலை அல்ல. ஆனால் வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறும் செங்குத்துப் பாதை மூச்சை வாங்கிவிடும். கடைசியில் இரும்பு ஏணிகளில் ஏறினால் வெட்டவெளிப் பாறை. பசியாறிவிட்டு ஏழரை மணிக்கு ஏறத் தொடங்கி, பத்தரைக்கு உச்சியில் நின்றோம்.

எங்கள் கருவியின் சக்தி 5 வாட். ஓர் இரவு விளக்குக்கு ஆகும் மின்சாரம், அவ்வளவுதான். ஆனால் 145 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. உயரம்தான் அவற்றுக்குப் பலம். அந்தப் பாறையிலிருந்து பார்த்தால் அடிவானம் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நண்பன் தானே செய்த கம்பி ஆண்டெனாவை ஒரு தூண்டில் கழியில் கட்டி நிறுத்தினான்.

"கைப்பேசியில்தான் லைன் இருக்கே, அண்ணே?" என்றான் அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்த பையன். நியாயமான கேள்வி. கைப்பேசியில் நமக்குத் தெரிந்தவரை அழைக்கிறோம். இதில், யாராவது இருக்கிறீர்களா என்று ஊரையே கேட்கிறோம்.

நண்பன் கேட்டான். குரல் கம்மியிருந்தது. பதில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை சிரம்பானிலிருந்து ஒருவர் பதில் தந்தார். "ஐந்து, ஒன்பது" என்றார். குரல் தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது என்பதற்கான மதிப்பெண் அது. அதைவிட அதிகம் கிடையாது.

அடுத்து மலாக்காவிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர். குறியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார். நண்பனின் முகம் வெளுத்தது. பழைய பள்ளி மண்டபம் கண்முன் வந்திருக்க வேண்டும். மூன்றாம் முறையும் சொன்னான். "மன்னிக்கணும் தம்பி, உன் குரலில் குறையில்லை, என் காதுதான் வயசாகிப்போச்சு" என்று சிரித்தார் அவர். நண்பனும் சிரித்தான். மூன்றாவதாக, நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு லாரி ஓட்டுநர். அவரிடம் இவனே வலியப்போய் வானிலை விசாரித்தான்!

இன்னும் ஒருவர்தான் வேண்டும். அப்போது மலாக்கா பக்கம் வானம் கறுத்தது. பெரியவர் மறுபடி வந்தார். "இங்கே இடி மின்னல். உங்க பக்கம்தான் நகருது. நான் ஆண்டெனாவைக் கழற்றப்போறேன், நீங்களும் இறங்குங்க." தூரத்தில் ஒரு மின்னல். எண்ணினேன். 24 விநாடியில் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 விநாடி. அப்படியென்றால் மின்னல் 8 கிலோமீட்டரில். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். அதுவும் மொட்டைப் பாறை, இரும்பு ஏணி, கையில் கம்பி.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்" என்றேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், ஆசைப்பட்டது நான். அவன் என்னைப் பார்த்தான். பொத்தானை அழுத்தி, "நன்றி பாக் சிக், நிலையத்தை மூடுகிறோம், இறங்குகிறோம்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ஆண்டெனாவைச் சுருட்டினான். அந்தப் பையனையும் அவன் கூட்டாளிகளையும் அவன்தான் சத்தம் போட்டுக் கீழே அனுப்பினான்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சேறும் வேருமாகச் சறுக்கி அடிவாரம் வந்துசேர்ந்தபோது மணி மூன்று. மழை விட்டு, காரில் பெரிய சாலையை அடைந்ததும் நண்பன் கருவியைத் திறந்தான். சிரம்பான்காரரின் குரல் அவன் குறியைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்குவதாகச் சொன்னதைக் கேட்டவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"பத்திரமா இறங்கிட்டீங்களா?"

உச்சியிலிருந்து பேசாததால் அது கணக்கில் வராது. ஏற்கெனவே பேசியவர் என்பதால் நாலாவது ஆளும் இல்லை. ஆனால் நண்பன் நோட்டை எடுத்து, நேரத்தோடு அதையும் எழுதி வைத்தான்.

அடுத்த மாதம் மறுபடி ஏறுகிறோம். இந்த முறை தேதி குறித்தது அவன்.