மூடா ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அயர்லாந்துப் பிரபு



கெடாவிலுள்ள நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஹார்வர்ட் தோட்டம், விக்டோரியா தோட்டம், ஹென்ரியட்டா தோட்டம், டப்ளின் தோட்டம்... "இந்த வெள்ளைக்காரப் பெயர்கள் இன்னும் எதற்கு? நல்ல தமிழ்ப்பெயர் சூட்டலாமே!" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆயினும், நீக்குவதற்கு முன் அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது என் கருத்து. சொல்லிக்கொடுக்காமலே மறைந்துபோன பெயர் ஒன்று நம் எல்லையிலேயே இருக்கிறது.

சுங்கை பட்டாணியிலிருந்து தெற்கே சென்று மூடா ஆற்றைக் கடந்தால் செபராங் பிறை. நம் பாட்டன்மார் காலத்தில் அதற்குப் 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்று பெயர். யார் இந்த வெல்லெஸ்லி?

ரிச்சர்ட் வெல்லெஸ்லி 1760இல் பிறந்த அயர்லாந்துப் பிரபு. தந்தையார் மார்னிங்டன் பிரபு, டப்ளின் திரினிட்டி கல்லூரியில் இசைப் பேராசிரியராக இருந்தவர். 1781இல் அவர் மறைந்தபோது மூத்த மகனுக்குப் பட்டத்தோடு கடனும் வந்து சேர்ந்தது. தம்பியரைப் படிக்க வைக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. (பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் அத்தம்பியருள் ஒருவர்.) மீத் மாவட்டத்தில் இருந்த குடும்பச் சொத்தான டங்கன் மாளிகையை 1793இல் விற்றுவிட்டார்.

சொந்த மண்ணை விற்றவர் 1798இல் இந்தியாவின் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதே ஆண்டு தஞ்சை ஆட்சி கும்பினியின் கைக்குப் போனது. அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியும் போயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர்.

இவற்றுக்கு நடுவே, 1800இல்தான் நம் கெடா தன் கரையை இழந்தது! பினாங்குத் தீவைக் கும்பினி 1786இலேயே எடுத்துக்கொண்டது. துறைமுகத்திற்கு எதிர்க்கரையும் தன்னிடம் இருக்க வேண்டும், தீவுக்கு உணவு தடையின்றி வர வேண்டும் என்பது அதன் கணக்கு. பினாங்கின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் கெடா சுல்தானோடு உடன்படிக்கை செய்தார். தீவுக்கு ஆண்டுதோறும் தந்த 6,000 ஸ்பானிய வெள்ளி 10,000 ஆயிற்று. கிடைத்த நிலத்திற்குத் தலைமை ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். சயாமிடமிருந்து காப்பார்கள் என்று கெடா எதிர்பார்த்த பாதுகாப்போ கிட்டவில்லை. 1821இல் சயாம் படையெடுத்தபோது சுல்தான் பினாங்கிற்கு ஓட நேர்ந்தது.

நம் பள்ளி விழாக்களில் கட்டபொம்மன் வசனம் ஒலிக்காத ஆண்டு உண்டா? ஜாக்சன் துரையைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஜாக்சனுக்கெல்லாம் மேலே இருந்தவரின் பெயர்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது என்பதை எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

இதைவிட நெருக்கமான தொடர்பும் உண்டு. 1802 பிப்ரவரியில், போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்கிற்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமி அவர்களுள் ஒருவர். அச்சிறுவனின் தந்தையிடம் வளரி எறியக் கற்றுக்கொண்ட கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் பினாங்கில் துரைச்சாமியைக் கண்டார். இளைஞராய் இருக்க வேண்டியவர் முதுமை தட்டிய தோற்றத்தோடு நின்றதை வெல்ஷ் தம் நூலில் பதிவு செய்துள்ளார். ரப்பர் மரங்கள் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே இக்கடலைக் கடந்த தமிழர் இவர்கள். நம் வரலாறு பால்வாளியிலிருந்துதான் தொடங்குகிறது என்று எண்ணும் மாணவனுக்கு இது தெரிய வேண்டாமா?

பிரபுவின் கதை மீதி கொஞ்சம்தான். திப்புவை வென்றதற்குப் பரிசாக மார்க்விஸ் பட்டம் கிடைத்தது. அது ஆங்கிலேயப் பட்டமன்று, அதனினும் தாழ்வாகக் கருதப்பட்ட அயர்லாந்துப் பட்டம். "இருமுறை பொன்முலாம் பூசிய உருளைக்கிழங்கு" என்று அவர் நொந்துகொண்டாராம்! பின்னர் 1821 முதல் 1828 வரை அயர்லாந்தின் ஆளுநராக டப்ளினில் அமர்ந்தார். அவருடைய பிள்ளைகள் பெற்றோரின் திருமணத்திற்கு முன் பிறந்தவர்கள். எனவே 1842இல் அவர் இறந்ததும் அந்த மார்க்விஸ் பட்டம் அற்றுப்போயிற்று.

ஆசிரியர்களே, நான்காம் ஆண்டு முதல் வரலாறு கற்பிக்கிறோம். கெடா பாடம் வரும்போது கரும்பலகையில் 1799, 1800, 1801, 1802 என்று நான்கு எண்களை எழுதுங்கள். கயத்தாறு, மூடா ஆறு, திருப்பத்தூர், பினாங்கு ஆகியவற்றை அவற்றுக்கு நேரே எழுதும்படி மாணவர்களிடம் கேளுங்கள். பெற்றோர்களே, அடுத்த முறை பட்டர்வொர்த் போகும்போது, ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் துரைச்சாமியின் கதையைத் தொடங்குங்கள். ஃபெரி துறையை அடைவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.