பொதி கட்டுவோர்

பட்டினப்பாலையில் புலிச்சின்னம் பொறித்த பொதிகள் காவிரிப்பூம்பட்டினத்தில் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கட்டியவர் எவர் என்று வகுப்பில் யாரும் வினவுவதில்லை.

நம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையை, காதும் மூக்கும் உடையாமல் பொதிந்து பெட்டியில் அடுக்குவது எளிய வேலையன்று. அக்கைத்தேர்ச்சியோடு வளைகுடாவின் கிடங்கு வேலைக்குப் புறப்படும் இளைஞரோ ஏட்டில் 'திறனற்ற தொழிலாளி' ஆகிவிடுகிறார். பத்தாம் வகுப்புத் தேறாதவராயின், சவூதி, கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும். காப்பதற்கென வந்த விதிதான். ஆயினும் அதன் அலைச்சலைக் காட்டியே தரகர் சுற்றுலா விசாவை நீட்டுகிறார். அவ்வழி சென்றவருக்கு அங்கே ஒப்பந்தமும் இல்லை, முறையிட முகமும் இல்லை.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. மிகுதியாகக் கேட்பது குற்றம். நிலத்தை அடகு வைக்குமுன் இவ்வொரு தொகையேனும் தெரிந்திருக்க வேண்டாமா? தமிழக அரசே 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனம் தொடங்கியதும் பலர் செவிக்கு எட்டவில்லை.

நம் மாணவர் பட்டம் பெறுவதால் அவ்வனுமதி அவர்க்குத் தேவைப்படாது. அவர்தம் அண்ணன்மார்க்குத் தேவைப்படும். கல்லூரி அறிவிப்புப் பலகையில் இதற்கு இடமுண்டு என்பதே நம் கருத்து.