பல் கடிக்கும் குழந்தையும் பூச்சி மருந்தும்

உறங்கும் குழந்தை பற்களை நறநறவென்று கடித்தால், வயிற்றில் பூச்சி இருக்கிறது என்று முடிவு கட்டும் வழக்கம் நம் நாட்டில் எங்கும் உண்டு. மொழி மாறும், உணவு மாறும். இந்த முடிவு மட்டும் மாறுவதில்லை. இந்தி பேசும் மாநிலத்துத் தாயும் தமிழ்நாட்டுத் தாயும் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசுகின்றனர். படித்தவர் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. களப்பணியாளர்களிலும் ஆசிரியர்களிலும் பலர் இதனை மறுப்பதில்லை. மாத்திரை ஒன்று கொடுப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கின்றனர். மாத்திரையால் பெரிதாக ஒன்றும் கெடுவதில்லை. ஆயின், மாத்திரை கொடுத்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. அதனால் சில குழந்தைகளுக்குக் கேடு விளைகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதலில் இவ்வழக்கம் எத்தனை பரவலானது என்பதை அறிதல் நலம். பல நாட்டுக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2013-ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வொன்று, குழந்தைகளில் நூற்றுக்கு 3.5 முதல் 40.6 வரை இது காணப்படுவதாகக் கூறிற்று. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ஒரு காரணம், இக்கணக்குகள் பெரும்பாலும் பெற்றோர் வாய்மொழியை நம்பியவை என்பதாகும். குழந்தையின் அருகே படுப்பவர் ஒலியைக் கேட்பார். அடுத்த அறையில் படுப்பவர் கேளார். எவ்வாறாயினும், வயது ஏற ஏற இது குறைந்து, பெரும்பாலோரிடம் தானே நின்றுவிடுகிறது. உடல்நலம் உடையவர் உறக்கத்தில் பல் கடிப்பதை ஒரு நோயாகக் கொள்ளவேண்டியதில்லை என்று பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று 2018-இல் கருத்துத் தெரிவித்தது.

நோயன்று எனில், அது யாது? உறக்கம் இரவு முழுவதும் ஒரே ஆழத்தில் நிற்பதில்லை. இடையிடையே சில விநாடிகள் மூளை விழிப்பின் விளிம்பு வரை வந்து மீள்கிறது. உறங்குவோர் அதனை அறியார். உறக்க ஆய்வுக்கூடங்களில் மூளையின் மின்னலைகள், இதயத் துடிப்பு, தாடைத் தசைகளின் இயக்கம் ஆகியவற்றை ஒருங்கே பதிவு செய்து பார்த்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. மூளை அலைகள் வேகம் கொள்கின்றன. இதயத் துடிப்பு விரைகிறது. அதன் பின்னரே மெல்லும் தசைகள் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை என்ற தாளத்தில் இறுகித் தளர்கின்றன. பல் கடிக்கும் வழக்கமே இல்லாத பெரியவர்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேரிடம் இத்தகைய தாடை அசைவு ஒலியின்றி நிகழ்கிறது. ஆகவே, பல்லொலி மிகுதியாகக் கேட்கும் குழந்தையைப் பற்றி நாம் கேட்கவேண்டியது, இதன் உறக்கத்தை அடிக்கடி கலைப்பது எது என்பதே.

கேள்வியை இவ்வாறு அமைத்தால் பூச்சிக்கும் அதில் ஓரிடம் உண்டு. கீரிப்பூச்சியின் பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுகிறது. அந்த அரிப்பு உறக்கத்தைக் கெடுக்கும். முன்னோர் நம்பிக்கைக்கு இதுவே வித்தாக இருந்திருக்கலாம். ஆனால் ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. சில ஆய்வுகள் தொடர்பு கண்டன, சில காணவில்லை, புழுவே காரணம் என்று இதுவரை நிலைநாட்டப்படவில்லை. மேலும், கீரிப்பூச்சி உண்மையிலேயே இருப்பின், இரண்டு வார இடைவெளியில் இருமுறை மருந்து தரவேண்டும். வீட்டார் அனைவரும் உட்கொள்ளவேண்டும். நகங்களை வெட்டி, படுக்கைத் துணிகளைத் துவைத்தலும் வேண்டும். பல்லொலி கேட்டு மறுநாள் கடையில் வாங்கும் ஒற்றை மாத்திரை இவற்றுள் எதையும் நிறைவேற்றுவதில்லை.

பூச்சி மருந்தின்மேல் நமக்கு வழக்கு ஏதுமில்லை. 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில் 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. இரண்டு வயது நிரம்பாதோருக்கு 200 மில்லிகிராம், மற்றையோருக்கு 400 மில்லிகிராம். உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றால் விளையும் இரத்தசோகையையும் ஊட்டக் குறைவையும் தடுப்பது அதன் நோக்கம். பல் கடிக்கும் குழந்தைக்கும் கடிக்காத குழந்தைக்கும் அது ஒருங்கே உரியது. அந்த நாளில் தவறாமல் மருந்து பெறச் செய்வோம். அதற்கும் பல்லொலிக்கும் முடிச்சுப் போடாதிருப்போம்.

மருந்து கொடுத்தபின் ஒலி நின்றதே என்று தாய்மார் கூறுவது பொய்யன்று. பற்கடிப்பு இரவுக்கு இரவு ஏறியும் இறங்கியும் வருவது. ஒலி மிகுந்த இரவுக்குப் பின்னரே எவரும் மருந்தைத் தேடுவர். அடுத்து வரும் இரவுகள் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். மாத்திரைக்குப் பதில் சர்க்கரை கொடுத்திருப்பினும் இதே பெயர் கிடைத்திருக்கும். விஞ்ஞானம் பயிற்றும் ஆசிரியருக்கு, இவ்வளவு எளிய எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

இனி, உண்மையில் கவலைக்குரியதற்கு வருவோம். மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினாய்டும் தொண்டையின் இருபுறத்து டான்ஸில்களும் இளம்பருவத்தில் மூச்சு வழியை நோக்கப் பெரியவை. சில குழந்தைகளிடம் அவை வீங்கி, உறக்கத்தில் காற்று செல்லும் வழியை நெருக்குகின்றன. மூச்சுத் தடைப்படும், மூளை விழிப்பின் விளிம்புக்கு வந்து மூச்சை மீட்கும், மீண்டும் உறக்கம், மீண்டும் தடை. இத்தகைய குழந்தை குறட்டை விடும், வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னே சாய்த்து உறங்கும், வியர்க்கும், திடீரென மூச்சு வாங்கும், சில வேளை பல்லும் கடிக்கும். அடினாய்டும் டான்ஸிலும் நீக்கப்பட்டபின் பலரிடம் பற்கடிப்பும் குறைந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். பல் கடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இவ்வகையினர் அல்லர். ஆயினும் இவ்வகைக் குழந்தையைப் பூச்சி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினால், அது ஆண்டுக்கணக்கில் நல்லுறக்கம் இன்றியே வளரும்.

அதன் விளைவைப் பகலில் காண்பவர் ஆசிரியர். உறக்கம் போதாத பெரியவர் சோர்ந்து கிடப்பார். குழந்தையோ பல வேளைகளில் துறுதுறுத்து, ஓரிடத்தில் நில்லாது, பாடத்தில் கவனம் செலுத்தாது திரியும். “அடங்காதவன்”, “மந்தம்” என்ற பட்டங்கள் விரைவில் வந்து சேர்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டமான ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம், 30 நிலைமைகளைப் பட்டியலிட்டு, அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்க வகை செய்தது. கவனக்குறைவும் கற்றல் குறைபாடும் அப்பட்டியலில் உள்ளன. பற்சிதைவும் காதுச் சீழும் உள்ளன. உறக்கத்தில் நேரும் மூச்சுத் தடை தனியே இடம்பெறவில்லை. பகலின் விளைவைக் கேட்கிறோம், இரவின் காரணத்தைக் கேட்பதில்லை. குழந்தை பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுகிறதா, மூச்சு இடையில் நிற்கிறதா என்ற இரு வினாக்களைச் சேர்ப்பதற்குக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. ஆணை வரும்வரை காத்திராமல் அங்கன்வாடிப் பணியாளர் இன்றே கேட்கத் தடையுமில்லை.

விடை “ஆம்” எனில், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புக. “இல்லை” எனில், சொத்தைப் பல் உண்டா, காது வலி உண்டா, புதிய பள்ளி, வீட்டுச் சச்சரவு போன்ற மனக்கலக்கம் உண்டா, படுக்கும் அறையில் எவரேனும் புகை பிடிக்கின்றனரா என்று பார்க்கலாம். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். அது கிடைக்கிறதா என்பதும் பெரிய கேள்வியே. பாற்பற்கள் சற்றுத் தேய்ந்திருப்பதைக் கண்டு அஞ்சவேண்டாம், அவை விழுந்துவிடும். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பற்கள் நிலையானவை. அவை தேய்ந்தால் பல் மருத்துவரிடம் காட்டவேண்டும். குழந்தையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தான் செய்வதை அது அறியாது.

நாள்தோறும் குறட்டை என்று ஒரு தாய் கூறினால், குழந்தை உறங்கியபின் அருகே அமர்ந்து, கைப்பேசியில் மார்பும் முகமும் தெரியும்படி இரண்டு நிமிடம் படம் பிடித்துவரச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் பகலில் வாயைத் திறந்து பார்க்கும்போது காண இயலாததை அப்படம் காட்டிவிடும்.