புவியியல் வகுப்பில் நம் பிள்ளை ஏன் தலைகுனிய வேண்டும்?

மலாக்கா வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கடலோரத்தில் தஞ்சோங் கிளிங். பழைய நகரத்துக்குள் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748-இல் கட்டப்பட்டது. இந்தப் பெயர்களை ஆசிரியர் வாசிக்கும்போது இடைநிலைப்பள்ளி வகுப்பில் என்ன நடக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. நாலு பேர் நம் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசிரியர்களில் பலர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வசைச்சொல் அங்கேயே நிற்கிறது, பிள்ளையின் தலைமேல்.

கலிங்கம் என்ற நாட்டின் பெயரே கிளிங் ஆனது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சுல்தான்கள் ஆண்ட மலாக்காவில் அது கடல் கடந்து வந்த மதிப்புள்ள வணிகர்களைக் குறித்தது. துறைமுகத்துக்கு நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களையும் வங்காள, பெகு, பாசாய் வணிகர்களையும் கவனிக்க அவர்களில் ஒருவர். போர்த்துகீசியர் 1511-இல் நகரைப் பிடித்தபின் நைனா சாத்து என்ற தமிழ் வணிகர் பெண்டஹாராவானார். மலாக்கா செட்டிகள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் 1781 முதல் நிற்கிறது. இதை ஐந்து நிமிடம் சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு அடங்கும். சொல் எப்போது வசையானது, ஏன் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2003-இல் அகராதியில் இச்சொல் இருப்பதை எதிர்த்து டேவான் பஹாசா மீது வழக்கே போடப்பட்டது. பெயரை வரைபடத்திலிருந்து அழிக்கச் சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அழித்தால் நாம் இங்கே இருந்ததற்கான சாட்சியும் சேர்ந்து போகும்.

இன்னொரு விஷயம், இதைவிடப் பெரியது. மலாய்க்காரர் கம்பத்தில் நெல், சீனர் பட்டணத்தில் கடை, இந்தியர் தோட்டத்தில் பால்மரம். இந்த மூன்று வரிகளை மழை வெயில் போல, இயற்கையாக அமைந்தது போல நம்மில் பலர் மனப்பாடம் செய்தோம். இயற்கையா? மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896 வாக்கில் டான் சாய் யான் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். பின்னால் வந்த கம்பெனிகளுக்குக் கூலி குறைவான ஆள் வேண்டியிருந்தது, கங்காணிகளை அனுப்பி ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். அதே வெள்ளைக்காரன்தான் கூட்டு மலாய் மாநிலங்களில் 1917-இல் சட்டம் போட்டு, நெல் நிலத்தில் வேறு பயிர் செய்வதைத் தடுக்க அதிகாரம் எடுத்துக்கொண்டான். பிறகு மலாய்க்காரனைச் சோம்பேறி என்றும் எழுதி வைத்தான். அந்தப் பொய்யை உடைத்துக் காட்டியவர் சைட் ஹுசேன் அலாத்தாஸ், 1977-இல் வந்த அவர் நூலில். ஆக, அந்த மூன்று வரி நம்மை மட்டும் இழிவுபடுத்தவில்லை. மலாய் ஆசிரியரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்.

லயத்தில் பிறந்த பிள்ளை பால்மரம் சீவிய தாத்தாவைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தாத்தா ஏன் அங்கே கொண்டுவரப்பட்டார், தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது குடும்பம் எங்கே போனது என்பதும் புவியியல்தான். அதைப் பாடம் கேட்க வேண்டும்.

பள்ளிப் பாடநூலை மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு, 'இந்தர்லோக்' நாவல் ஐந்தாம் படிவத்திலிருந்து 2011 கடைசியில் மீட்டுக்கொள்ளப்பட்டதை நினைவூட்டுகிறோம். மக்கள் விடாமல் கேட்டதால்தான் அது நடந்தது.

பெற்றோர்களே, இந்த வாரம் பிள்ளையின் புவியியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். மலாய் வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். இந்தியர் என்ற சொல் எந்தப் பக்கத்தில், எந்தப் படத்தோடு வருகிறது என்று குறித்துவையுங்கள். வகுப்பில் கேலி நடந்திருந்தால் தேதியும் எழுதிவையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல், கடிதமாகக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஜாசின், அலோர் காஜா பக்கம் இருப்பவர்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போவது நல்லது. தனியாகப் போனால் உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள்.