கோடு எப்போது போடப்பட்டது?

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை வருகிறது, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஷட்டர் திறக்குமுன் கரையோர மக்களுக்குத் தகவல் போய்விடும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனுக்கு அப்படியொரு எச்சரிக்கை கிடைக்கவில்லை. 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற பிறகே பாலினச் சோதனை நடந்தது; பதக்கம் பறிபோனது. அன்று சர்வதேசத் தடகளச் சம்மேளனத்திடம் வீராங்கனைகளின் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனுக்கென எழுதிவைத்த வரம்பே இல்லை. 2011-இல் லிட்டருக்கு 10 நானோமோல் என்றார்கள், 2018-இல் சில ஓட்டங்களுக்கு மட்டும் 5, 2023-இல் எல்லாப் போட்டிகளுக்கும் 2.5. இப்போது மரபணுச் சோதனை. இயற்கை தந்த உடல் அநியாயச் சாதகமா என்று கேட்பவர்கள், ஓட்டம் முடிந்தபின் கோடு போடுவது நியாயமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரன்டாவுக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுக்கள் மிக அதிகம். மரபணு மாற்றமே காரணம் என்று பின்னாளில் தெரியவந்தது. அவர் வென்ற 7 ஒலிம்பிக் பதக்கங்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சிவப்பணுவை வைத்து யாரும் போட்டிப் பிரிவு அமைக்கவில்லை, பெண்கள் பிரிவு இருப்பதே, முன்னணி ஆண்-பெண் ஓட்டக்காரர்களிடையே ஏறத்தாழ 10 சதவீத இடைவெளி இருப்பதால்தான். இந்த மறுப்பை ஏற்கிறேன். மற்ற வீராங்கனைகளின் உழைப்புக்கும் காவல் வேண்டும், எல்லை தேவைதான். ஆனால் எல்லை போடுகிறவரே அதற்கு ஆதாரமும் தர வேண்டும். ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை தூத்தி சந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதைத்தான் கேட்டது. சம்மேளனம் காட்டிய ஆதாரம் போதாதென்று 2011 விதியை நிறுத்திவைத்தது. பிறகு வந்த விதிக்குத் துணைநின்ற 2017 ஆய்வும், காரண-விளைவை நிறுவவில்லை என்று அதை எழுதியவர்களே 2021-இல் திருத்தம் வெளியிட்டார்கள். மேலும், ரத்தத்தில் ஹார்மோன் இருப்பது வேறு, உடல் அதைப் பயன்படுத்துவது வேறு. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவின் உடல் அந்த ஹார்மோனை ஏற்கவே இல்லை. 1985-இல் பாலினச் சோதனையில் தோற்றவர் போராடி, 1988-இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார்.

சாந்தியின் பதக்கம் அப்படித் திரும்பி வரவில்லை. செங்கல் சூளைக் கூலிகளின் மகள், சூளைக்கே வேலைக்குத் திரும்பினார். பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். தமிழக அரசு பயிற்சியாளர் வேலை தந்தது. வேலை வேறு, பதக்கம் வேறு. அன்று இல்லாத வரம்பை அவர் மீறியிருக்க முடியாது என்ற வாதத்தோடு இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் முறையிட வேண்டும்.