உறங்க முடியாமை பாவமன்று

இரவு பத்து மணிக்குப் படுத்து, கூரையைப் பார்த்தபடியே கடிகாரம் இரண்டு அடிப்பதைக் கேட்கிற ஒருவர், மறுநாள் தம் துன்பத்தை நம்மிடம் சொல்கிறார். நாம் என்ன விடை தருகிறோம்? "விசுவாசத்தோடு செபியுங்கள், ஆண்டவர் உறக்கம் தருவார்" என்கிறோம். சில செபக்கூட்டங்களில் இன்னும் ஒரு படி மேலே சென்று, "மறைத்து வைத்த பாவம் ஏதும் உண்டோ?" என்று வினவுகிறார்கள். அந்த மனிதர் அன்றிரவும் உறங்குவதில்லை. முன்பு உறக்கம் மட்டுமே இல்லாதிருந்தது. இப்போது மன அமைதியும் போயிற்று. இத்தகைய அறிவுரையைக் குருவாகிய நானும் பல ஆண்டுகள் வழங்கியிருக்கிறேன். அது தவறென்று வெளிப்படையாகச் சொல்வது என் கடமை.

இதற்கு ஆதாரமாக 127ஆம் திருப்பாடலைக் காட்டுவது நம் வழக்கம். ஆனால் அப்பாடல் இடித்துரைப்பது, கடவுளை மறந்து வைகறை முதல் நள்ளிரவுவரை தன் முயற்சியையே நம்பி ஓடுகிறவனை. உறங்க விரும்பியும் இயலாதவரை அது குறை கூறவில்லை. அதே நூலில், 6ஆம் திருப்பாடலின் ஆசிரியர் இரவெல்லாம் படுக்கையைக் கண்ணீரால் நனைக்கிறார். 77ஆம் திருப்பாடலில் கண்ணிமைகளை மூடவிடாதவர் கடவுளே. யோபு விடியும்வரை புரண்டுகொண்டிருக்கிறார். இவர்களை விசுவாசமற்றவர்கள் என்போமா? உறக்கமே விசுவாசத்தின் அளவுகோல் என்றால், கெத்சமனித் தோட்டத்தில் அன்றிரவு உறங்கியவர்கள் சீடர்கள்; விழித்திருந்தவர் இயேசு.

திருச்சபையின் மறைவல்லுநர்கள் உடலை இப்படிப் புறக்கணிக்கவில்லை. துயரத்தைத் தணிக்கும் வழிகளை ஆராய்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ், நண்பரின் பரிவையும் உண்மையைத் தியானிப்பதையும் கூறியதோடு நில்லாமல், உறக்கத்தையும் குளியலையும் சேர்த்துக்கொண்டார். 387இல் தாய் மோனிக்காவை இழந்த புனித அகுஸ்தினார், குளித்தும் தணியாத துயரம் உறங்கி எழுந்தபின் சற்றே தணிந்ததாக எழுதியிருக்கிறார். உடலுக்கு உரியதை உடலுக்குக் கொடுப்பது விசுவாசக் குறைவாகாது.

"அப்படியானால் செபிக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். கட்டாயம் செபிக்க வேண்டும். ஆனால் செபம் தூக்க மாத்திரையன்று. உறக்கத்தை வரவழைப்பதற்காகவே ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையைக் கையிலெடுப்பவர், ஒவ்வொரு பத்து மணி முடிந்ததும் "இன்னும் வரவில்லையே" என்று தம்மையே சோதிக்கிறார். செபமும் தேர்வாகிவிடுகிறது, உறக்கமோ துரத்தத் துரத்த விலகி ஓடுகிறது. நாளைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுப் படுப்பதே இரவுச் செபத்தின் பொருள். அதற்குக் கூலியாக உறக்கத்தைக் கேட்பது முறையன்று.

மருத்துவம் கூறுவதையும் கேட்போம். நீடித்த உறக்கமின்மைக்கு மாத்திரையை அன்று, எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்கும் சிகிச்சையையே முதலில் தரவேண்டும் என 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. அதன் வழிமுறைகள் எளியவை. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவேண்டும். படுக்கையில் கைப்பேசி பார்ப்பதும் கணக்குப் போடுவதும் கூடாது. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் உறக்கம் வராவிடில் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொக்கியபின் திரும்பவேண்டும். மாலைக்குமேல் காப்பியும் தேநீரும் தவிர்க்கவேண்டும். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாக இத்தொல்லை நீடித்தால் அது நோயே. அதற்குமுன்பே மருத்துவரைக் காண்பது நன்று. பிறர் சொல்கேட்டு மாத்திரை வாங்குவதும், மருத்துவர் தந்ததைச் செபக்கூட்டத்தில் துறப்பதும் ஒன்றுபோல் ஆபத்தானவை.

அறிவுரை சொல்லும் நாமே பிறர் உறக்கத்தைக் கெடுக்கவில்லையா? இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாதென்பது நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வந்த விதி. திருவிழா என்ற பெயரில் அதை மீறி, ஊரையே விழித்திருக்கச் செய்துவிட்டு, மறுநாள் உறங்காதவருக்கு விசுவாசம் போதிக்க நமக்கு என்ன தகுதி?

இனி ஒருவர் வந்து, "சாமி, இரவில் உறக்கமே வருவதில்லை" என்றால், அவர் பாவங்களைத் தேட வேண்டாம். "எத்தனை நாளாக?" என்று கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை அமர்ந்து கேட்போம்.